யார் முதலில் வருகிறார்களோ

செல்வராணிக்கு நாய் என்றாலே ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, நாய்ப்பைத்தியம் பிடித்த பொம்பிளை போலிருக்கிறது என்று நினைத்துவிடுவீர்கள். முடி கொட்டும், நாறும், வாசலில் போட்ட கோலத்தை மிதிக்கும். நாயைப் பற்றி அவளுக்கு இருந்த மொத்த அபிப்பிராயமும் இவ்வளவுதான். கோப்பி அந்த வீட்டுக்குள் வந்தது அவள் புருஷன் மணியத்தின் வேலை.

மணியம் கண்டெய்னர் லாரி ஓட்டியவர். துறைமுகத்தில் சரக்கு ஏற்றிக்கொண்டு கோலாலம்பூர் வரை போய்த் திரும்புவார். நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், திரும்பும் வழியில் ஆயர் ஈத்தாமில் சாப்பிட இறங்கியிருக்கிறார். பூந்தொட்டி விற்கிற கடையின் பக்கவாட்டில், ஓரம் உடைந்த தொட்டி ஒன்றுக்குள் ஒரு குட்டி சுருண்டு கிடந்ததாம். தூக்கி முன்சீட்டில் வைத்துக் கொண்டுவந்துவிட்டார். பால் விடாத கோப்பி நிறம், அதனால் பேரும் கோப்பி. துளசி வைக்க ஒரு தொட்டி வாங்கி வரச் சொன்னால் தொட்டிக்குள் இருந்ததைக் கொண்டுவருகிற மனுஷனை என்ன செய்வது? செல்வராணி இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அவர்கள் வீடு உலு திராம் என்ற ஊரில், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று. லாரியைப் பெரிய சாலையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வரும் மணியம், கேட்டைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு சொல் சொல்வார். "வா." அவ்வளவுதான். முப்பத்தோரு வருஷத்தில் பெண்டாட்டியைப் பேர் சொல்லி அவர் கூப்பிட்டதில்லை. கேட்டைத் திற, வந்துவிட்டேன், பசிக்கிறது, முதுகு வலிக்கிறது, எல்லாம் அந்த ஒரு எழுத்துக்குள் அடக்கம். அவளும் கையில் கரண்டியோ துடைப்பமோ எது இருக்கிறதோ அதோடு ஓடுவாள்.

கோப்பி வந்தபிறகு அந்தச் சொல்லுக்கு ஓட இரண்டு பேர் ஆனார்கள். நாலு கால் உள்ளது முதலில் போய்ச் சேரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒருநாள் செல்வராணி இடுப்பில் கைவைத்துக் கேட்டாள்.

"என்னைக் கூப்பிடறீங்களா, அதைக் கூப்பிடறீங்களா?"

"யாரு முதல்ல வராங்களோ, அவங்களைத்தான்" என்றார் மணியம், நாயின் தாடையைத் தடவிக்கொண்டே.

வாயைப் பார், கொழுப்பைப் பார் என்று முணுமுணுத்தபடி அவள் சாவியை எடுத்து வந்தாள். ஆனால் அதற்குப் பிறகு ஓடுவதை விட்டுவிட்டாள் என்பதும் உண்மை. நாய்தான் ஓடுகிறதே. அடுப்பில் இருப்பதை இறக்கிவைத்துவிட்டு மெதுவாகப் போவாள்.

போன வருஷம் தைப்பூசம் முடிந்த வாரம் மணியத்துக்கு லாரியிலேயே பக்கவாதம் வந்தது. கை இழுக்கத் தொடங்கியதும் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தியிருக்கிறார், அந்தப் புத்தி இருந்தது. ஐந்து வாரம் ஆஸ்பத்திரி. வலது கையும் காலும் பாதிதான் திரும்பின. பேச்சு திரும்பவே இல்லை. ஒரு சொல் மட்டும் எப்படியோ தப்பித்து மிஞ்சியிருந்தது. அது "வா".

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண், இது நடப்பதுதான் என்றாள். வாழ்நாளெல்லாம் யோசிக்காமல் சொல்லிப் பழகிய சொல் சிலருக்கு மிஞ்சுமாம். சிலருக்குச் சாமி பேர் மிஞ்சும், சிலருக்குக் கெட்ட வார்த்தை. உங்க வீட்டுக்காரருக்கு நல்ல வார்த்தைதான் மிஞ்சியிருக்கு, சந்தோஷப்படுங்கம்மா என்றாள். தண்ணீர் வேண்டுமென்றாலும் வா, டிவியை மாற்ற வேண்டுமென்றாலும் வா, கால் மரத்துப்போனாலும் வா. செல்வராணி சந்தோஷப்படத்தான் முயற்சி செய்தாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கே விபரீதம் நடந்தது. ஊன்றுகோலோடு கேட்டைத் தாண்டி இரண்டு எட்டு வைத்தவர், நாயைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து "வா" என்றார். ஐந்து வாரமாகச் சரியாகச் சாப்பிடாமல் கிடந்த கோப்பி பாய்ந்து வந்து அவர் நெஞ்சில் முன்னங்கால்களை வைத்தது. ஆசையில்தான். மணியம் மல்லாந்து விழுந்து, கேட்டின் இரும்பு விளிம்பில் நெற்றி கிழிந்து, வந்த வழியே ஆஸ்பத்திரிக்குத் திரும்பினார். ஏழு தையல்.

மகள் லோஷினி சிங்கப்பூரில் வேலை செய்கிறாள், வார இறுதியில்தான் வருவாள். அன்று லீவு போட்டுவிட்டு ஓடிவந்தவள், அப்பாவின் கட்டைப் பார்த்ததுமே முடிவெடுத்துவிட்டாள். கூட வேலை செய்யும் அமண்டா என்ற பெண்ணின் அப்பாவுக்குப் பொந்தியானில் அன்னாசித் தோட்டம் இருக்கிறதாம். நாயை அங்கே விட்டுவிடலாம் என்றாள். இன்னொரு தரம் விழுந்தால் எழுந்திருக்கமாட்டார் என்று டாக்டரே சொல்லியிருந்ததால் அவளைக் குறை சொல்லவும் வழியில்லை.

நாயே ஆகாத செல்வராணிதான் குறுக்கே நின்றாள். ஏனென்றால் ஒன்றைப் பார்த்திருந்தாள். கட்டுப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்த மணியத்தின் பக்கத்தில் கோப்பியைச் சங்கிலியோடு பிடித்துக்கொண்டு போனபோது, அவருடைய இடது கை தானாக எழுந்து அதன் காதுக்குப் பின்னால் போயிற்று. முகம் பழைய முகமாக ஆயிற்று. பெண்டாட்டி தொட்டாலும் மகள் தொட்டாலும் அழுகிற மனுஷன், நாயின் காதைத் தடவும்போது மட்டும் அழவில்லை. அவளுக்கு அது கொஞ்சம் சுருக்கென்றுகூட இருந்தது. இருந்தாலும் அந்த முகத்தைப் பொந்தியானுக்கு அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை.

"ஒரு மாசம்மா" என்றாள் லோஷினி. "ஒரு மாசத்துல அது ஒரு இடத்துல அடங்கிப் படுக்கக் கத்துக்கணும். இல்லன்னா போகத்தான் வேணும். அப்பா மேல சத்தியமா சொல்றேன்."

ரோலண்ட் வந்தது அப்படித்தான். கடைத்தெருவில் நாய்களைக் குளிப்பாட்டி முடிவெட்டும் கடை வைத்திருப்பவன், நாய் பழக்கவும் தெரிந்தவன். முப்பத்தைந்து வயதிருக்கும், கழுத்தில் சிலுவை, கையெல்லாம் நாய் பிறாண்டின கோடு. வந்து உட்கார்ந்ததும் முதலில் கேட்டது ஒரு பாய்தான். நாய்க்கு உன் இடம் இதுதான் என்று சொல்ல, எல்லை தெரிகிற ஒரு பொருள் வேண்டுமாம். கோயிலுக்கு எடுத்துப்போகும் பச்சைக்கோடு போட்ட பிளாஸ்டிக் பாயைச் செல்வராணி எடுத்துக்கொடுத்தாள். அதைக் கத்தரியால் பாதியாக வெட்டிக் கூடத்தில், மணியத்தின் நாற்காலிக்கு நாலு எட்டு தள்ளி, சுவரோரமாக விரித்தான்.

கட்டளைக்கு ஒரு சொல், விடுதலைக்கு ஒரு சொல். அவன் பழக்குகிற நாய்களெல்லாம் இங்கிலீஷில்தான் படிக்கும். என் நாக்குக்கு அதெல்லாம் வராது தம்பி என்று செல்வராணி சொல்லிவிட்டாள். பாய்க்குப் போக "பாய்". எழுந்திருக்க "போதும்". சொல் எதுவானாலும் ஒரே சட்டம்தான் என்றான் ரோலண்ட். பாய் என்று சொல்லிப் படுக்கவைத்தவர் போதும் என்று சொல்லாமல் போகக்கூடாது. சொல்கிற வரைக்கும் வானமே இடிந்து விழுந்தாலும் நாய் எழுந்திருக்கக்கூடாது.

கோழி ஈரலை வேகவைத்துச் சிறு துண்டுகளாக நறுக்கி ஒரு டப்பாவில் போட்டு, குளிர்பெட்டியின் தலையில் வைத்துக்கொண்டாள். பாயில் கால் வைத்தால் ஒரு துண்டு. உட்கார்ந்தால் ஒரு துண்டு. முட்டி மடக்கிப் படுத்துத் தாடையைத் தரையில் வைத்தால் இரண்டு துண்டு. முதலில் மூன்று எண்ணும் வரை, பிறகு பத்து, பிறகு அவள் ஒரு வெங்காயம் உரிக்கும் வரை. நாலாவது நாள் முழுச் சமையலும் முடியும் வரை கோப்பி பாயில் கிடந்தது. ஊரில் இல்லாத பிள்ளையைப் பெற்றவள் போல அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

சிரிப்புக்கும் குறைவில்லை. பக்கத்து வீட்டுக் காளியம்மா வேலியோரம் நின்று பேத்தியோடு போனில் பேசிவிட்டு, "பாய் பாய்" என்று கொஞ்சி முடிப்பாள். அதைக் கேட்டதும் கோப்பி எங்கே இருந்தாலும் ஓடிவந்து பாயில் விழும். தட்டில் சோறு பாதி இருக்கும், அதையும் விட்டுவிட்டு ஓடிவரும். காளியம்மாவின் பேத்திக்கு ஒருநாளைக்கு மூன்று போன். மூன்று முறையும் செல்வராணி குளிர்பெட்டிக்கு ஓடி ஈரல் எடுத்துக் கொடுத்து, போதும் சொல்லி எழுப்ப வேண்டும். மணியத்தின் வாயோரம்கூட அதைப் பார்த்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. அது சிரிப்பு என்பது அவளுக்குத் தெரியும்.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, ஒன்றைத் தவிர. தபால்காரர் மோட்டார் சைக்கிளுக்கு எழாத நாய், மதிலில் நடக்கும் பூனைக்கு எழாத நாய், மணியம் "வா" என்றதும் துள்ளி எழுந்து ஓடியது. அவர்தான் எதற்கெடுத்தாலும் அந்தச் சொல்லைத்தானே சொல்வார்? ஒருநாள் அவர் கழிவறைக்குப் போக ஊன்றுகோலில் எழுந்து நின்றபடி அவளைக் கூப்பிட, கோப்பி வந்து காலுக்கிடையில் புகுந்தது. செல்வராணி பாய்ந்துபோய்த் தாங்கியதால் தப்பித்தார். மாசம் முடிய பதின்மூன்று நாள் இருந்தது.

ரோலண்ட் வந்து, நாய் எழுந்து ஓடுவதைத் தன் கண்ணாலேயே பார்த்தான். பிறகு, மணியத்துக்குக் கேட்காமல் அவளை அடுக்களைக்கு அழைத்துப் போய்ச் சொன்னான்.

"ஆன்ட்டி, அந்தச் சொல்லு இருக்கே, அது செத்துப்போகணும். அங்கிள் வான்னு கூப்பிட்டா இந்த வீட்ல ஒண்ணுமே நடக்கக்கூடாது. ஒண்ணுமே. நீங்களும் திரும்பிப் பாக்கக்கூடாது. உங்க தல திரும்புனா கோப்பி எந்திரிச்சிருவான் லா, அவன் உங்களத்தான் பாக்கறான்."

"அவருக்கு ஏதாச்சும் வேணும்னா?"

"வேற ஏதாச்சும் குடுங்க. மணி, விசில், ஏதாச்சும். சத்தம் வந்தா போங்க. சொல்லுக்குப் போகாதீங்க."

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. நாய்க்குச் சொல்லித்தருகிற வழி அதுதான், அவனுக்குத் தெரிந்ததை ஒளிக்காமல் சொன்னான். அவள் ஓர் எவர்சில்வர் டம்ளரையும் கரண்டியையும் நாற்காலியின் இடது கைப்பக்கத்தில் ஸ்டூலில் வைத்தாள். ஏதாவது வேண்டுமென்றால் தட்டுங்க, உடனே வந்துடுவேன் என்று மூன்று முறை செய்துகாட்டினாள். மணியம் கரண்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தலையை ஆட்டினார்.

அடுத்த நாள் காலையில் ஆரம்பித்தாள். கோப்பி பாயில். அவள் அதன் முன்னால், நாற்காலிக்கு முதுகைக் காட்டி, கையில் ஈரலோடு. பின்னாலிருந்து "வா" என்று குரல் வந்தது. நாயின் காதுகள் நிமிர்ந்தன. அவள் திரும்பவில்லை. நாய் அவள் முகத்தைப் பார்த்தது, அசையவில்லை. ஈரல். இன்னொரு "வா". ஈரல். மூன்றாவதற்கு நாய் எழுந்துவிட்டது, திரும்பவும் பாய். இப்படியே. அன்று மணியம் பதினொரு முறை கூப்பிட்டார். அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள். கடைசி நாலு முறை கோப்பி உடம்பெல்லாம் நடுங்கியபடி பாயிலேயே கிடந்தது. கண் மட்டும் அவரைப் பார்த்தது.

பன்னிரண்டாவது குரல் வரவில்லை. அவள் திரும்பிப் பார்த்தபோது மணியம் தன் இடது கையை மடியில் மல்லாத்தி வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தை டிவி பக்கம் திருப்பிக்கொண்டார். டிவி போடவில்லை. செல்வராணி அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, ஈரல் நாற்றம் போகக் கையைக் கழுவினாள், கழுவிக்கொண்டே அழுதாள். அவருக்காகத்தானே செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டாள். நாய் பொந்தியானுக்குப் போய்விட்டால் அவர் கூப்பிட அது எங்கே இருக்கும்? இங்கே இருந்துகொண்டு வராமல் இருப்பது அதைவிட மேல் இல்லையா? நியாயமாகத்தான் பட்டது. நியாயமாகப் பட்டதனால் அழுகை நின்றுவிடவில்லை.

ஒரேயடியாகவும் அவரைப் பட்டினி போடவில்லை. மாலை ஐந்து மணிக்கு அவளே சங்கிலி பிடித்துக் கோப்பியை நாற்காலிப் பக்கம் கொண்டுபோய் உட்கார வைப்பாள். அவர் அரைமணி நேரம் காதைத் தடவுவார். ஆனால் அது கூப்பிட்டதால் வந்த நாய் இல்லை, கொண்டுவந்து விட்ட நாய். அந்த வித்தியாசம் அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பரீட்சை நடந்தது. லோஷினி சோபாவில். ரோலண்ட் வாசற்படியில். கோப்பி பாயில். செல்வராணி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மணியம் எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ நடக்கப்போகிறது என்று தெரிந்து, நாயைப் பார்த்து, நெடுநாள் கழித்துக் கொஞ்சம் சத்தமாகவே கூப்பிட்டார். "வா." கோப்பியின் வாலும் ஆடவில்லை. ரோலண்ட் அஞ்சு, நாலு, மூணு என்று விரலை மடக்கினான். மடக்கி முடித்ததும் லோஷினி கை தட்டினாள், ரோலண்ட் தட்டினான், செல்வராணியும் தட்டினாள். அலமாக், அடேங்கப்பா, என் சர்வீஸ்ல இப்படி ஒரு நாயைப் பாத்ததில்ல ஆன்ட்டி என்றான் அவன். கோப்பி இங்கேயே இருக்கட்டும்மா என்று லோஷினி அம்மாவைக் கட்டிக்கொண்டாள். எல்லாரும் எதற்குக் கை தட்டுகிறார்கள் என்று நாற்காலியில் இருந்தவர் மட்டும் தேடிக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு அவர் கூப்பிடுவது குறைந்தது. கரண்டியையும் அதிகம் தட்டவில்லை. ஒருநாளைக்கு ஒன்றிரண்டு முறை ஒரு "வா" வரும். நாயும் திரும்பாது, அவளும் திரும்பமாட்டாள். முதலில் நாய்க்காகத் திரும்பாமல் இருந்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு. போகப்போகப் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கவில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டே இருப்பாள், துணி மடித்துக்கொண்டே இருப்பாள். மழை பெய்கிற சத்தம் போல அது பாட்டுக்கு ஒரு பக்கம் இருந்தது. நாயைப் பழக்குகிறேன் பேர்வழி என்று அந்த வீட்டில் இரண்டு பேர் பழகிவிட்டார்கள். இது அப்போது யாருக்கும் தெரியவில்லை.

ரோலண்ட் ஒன்று சொல்லியிருந்தான். நாய் நன்றாக உறுதிப்பட்டதும், அங்கிளுக்கு ஒரு கைச்சாடை சொல்லிக்கொடுப்போம், அவர் உட்கார்ந்திருக்கும்போது அந்தச் சாடை காட்டினால் மெதுவாகப் போய் அவர் காலடியில் படுக்கும் என்று. தீபாவளி முடியட்டும் தம்பி, வீட்டு வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்று செல்வராணி தள்ளிவைத்தாள்.

தீபாவளிக்கு ஒன்பது நாள் இருந்தது. வியாழக்கிழமை. மணியத்தின் மாத்திரை முடிந்திருந்தது, கிளினிக்கில் போய் எடுத்துவர வேண்டும். காலை ஒன்பதரை இருக்கும். அவருக்கு முகம் துடைத்து, கோப்பி ஆற்றிக் கொடுத்து, கரண்டியை டம்ளருக்குள் வைத்தாள். நாயிடம் "பாய்" என்றாள். போய்ப் படுத்தது. அரைமணியில் வந்துடறேங்க என்று பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, கேட்டைச் சாத்திக் கொண்டி போட்டுவிட்டுத் தெருப்பக்கம் திரும்பும்போது உள்ளேயிருந்து கேட்டது.

"வா."

கொஞ்சம் இடைவெளி.

"வா... வா."

அவள் திரும்பவில்லை. கேட்டுக் கம்பிகளுக்கு நடுவே, திறந்திருந்த கதவு வழியாக, ஓரக்கண்ணால் நாயை மட்டும் பார்த்தாள். காது நிமிர்ந்தது, உடம்பு அசையவில்லை. கெட்டிக்காரன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். தெருமுனை தாண்டிய பிறகுதான், அடடா, மூன்று முறை கேட்டும் எழாமல் கிடந்ததற்கு ஈரல் கொடுக்கவில்லையே என்று நினைப்பு வந்தது. வந்து கொடுத்துக்கொள்ளலாம் என்று நடந்தாள்.

கிளினிக்கில் கூட்டம். திரும்பி வர ஒருமணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. மணியம் நாற்காலியில் இடது பக்கமாகச் சாய்ந்திருந்தார். கரண்டி ஸ்டூலுக்கு அடியில் கிடந்தது. இடது கை கீழே தொங்கியது, விரல்கள் பாயின் பக்கம் நீண்டிருந்தன. கோப்பி பாயில்தான் இருந்தது. தாடை தரையில், கண் அவர் மேல், முதுகிலிருந்து வால் வரை நடுக்கம். பாய் நனைந்திருந்தது. அந்த நாய் குட்டியிலிருந்து வீட்டுக்குள் ஒருநாளும் மூத்திரம் போனதில்லை. எழுந்து போகாமல் படுத்த இடத்திலேயே போயிருக்கிறது. போதும் என்று சொல்ல வேண்டியவள் மாத்திரைக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

ஆம்புலன்ஸில் வந்தவர்கள், உயிர் போய் ஒருமணி நேரமாவது இருக்கும் என்றார்கள். இரண்டாவது வாதம். கூட இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாதும்மா என்று அதில் ஒரு பெரியவர் மலாய் மொழியில் ஆறுதல் சொன்னார். செய்திருக்க முடியாது, சரி. கையைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கலாம் அல்லவா?

சாவு வீட்டில் யாரையும் வாங்க என்று அழைக்கக்கூடாது. போகிறவர்களும் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது. வந்தவர்கள் பேசாமல் வந்தார்கள், பேசாமல் போனார்கள். அந்தச் சொல் அந்த வீட்டில் பதினாறு நாள் ஒலிக்கவே இல்லை. நல்ல சாவு, கஷ்டப்படாமல் போய்விட்டார் என்று எல்லாரும் சொன்னார்கள். காளியம்மா நாயைத் தன் வீட்டுப் பின்கட்டில் கட்டிவைத்திருந்தாள். வருவோர் போவோரிடம் செல்வராணி எல்லாவற்றையும் சொன்னாள், அன்று அவர் குடித்த கோப்பியைப் பற்றிச் சொன்னாள், கிளினிக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னாள். மூன்று முறை கூப்பிட்டதை மட்டும் சொல்லவில்லை. லோஷினியிடம்கூடச் சொல்லவில்லை. தீபாவளி வந்தது, அந்த வீட்டில் விளக்கேற்றாமல் போயிற்று.

கருமாதி முடிந்து லோஷினி சிங்கப்பூருக்குக் கிளம்பினாள். நீங்க தனியா இருப்பீங்க, கோப்பி துணைக்கு இருக்கட்டும் என்று காளியம்மா வீட்டிலிருந்து அவளே அதை அவிழ்த்துக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள். மறுநாள் நடுப்பகல். கழுவிக் காயவைத்த பச்சைக்கோட்டுப் பாய் சுவரோரம் பழைய இடத்தில் கிடந்தது. யாரும் சொல்லாமலே கோப்பி அதில் போய்ப் படுத்துக்கொண்டது.

செல்வராணி அந்த நாற்காலியில் அதுவரை உட்கார்ந்ததில்லை. அன்று உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் பாய் தெரிந்தது, நாய் தெரிந்தது, திறந்திருந்த கதவு வழியாக வாசல் கேட்டும் தெரிந்தது. கேட்டில் நிற்கிறவளின் முதுகும் இங்கிருந்து நன்றாகத் தெரியும் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இத்தனை மாசமாக, அவர் அந்தப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டதெல்லாம் நாயைத்தான் என்று நினைத்திருந்தாள். தன்னையாக இருக்கும் என்று ஒருநாளாவது தோன்றியதா?

"வா" என்றாள், நாயைப் பார்த்து.

காதுகள் நிமிர்ந்தன. எழவில்லை.

"வாடா கோப்பி. வா."

வால் பாயில் இரண்டு முறை அடித்தது. உடம்பு நடுங்கியது. எழவில்லை. அவள் முகத்தைப் பார்த்தது, பிறகு அடுக்களையில் குளிர்பெட்டியின் தலையில் இருந்த டப்பாவைப் பார்த்தது. கேட்டும் கேட்காமல் இருந்ததற்குக் கூலி கேட்கிறது. அந்த வியாழக்கிழமையும் இப்படித்தான் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கும். பாவி, எவ்வளவு நன்றாகக் கற்றுக்கொடுத்திருக்கிறேன் என்று அவள் வாய்விட்டே சொன்னாள்.

எழுந்தாள். வெளியே போனாள். கேட்டைத் திறந்து தெருவில் நின்று, சாத்தி, கொண்டி போட்டாள். போட்ட கையோடு திரும்பினாள். திறந்தாள், உள்ளே வந்தாள், எண்ணிக்கொண்டே நடந்தாள். ஒன்று, இரண்டு என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்தாள். பதினொரு எட்டு. அவ்வளவுதான் இருந்தது கேட்டுக்கும் நாற்காலிக்கும். வேகமாக வந்திருந்தால் மூச்சுக்கூட வாங்கியிருக்காது.

நாற்காலியின் காலடியில் உட்கார்ந்தாள். அவர் இடது கை தொங்கிய இடத்தில் தலையைச் சாய்த்தாள். "தோ, வந்துட்டேங்க" என்றாள். "என்னைத்தான கூப்பிட்டீங்க? வந்துட்டேன்."

பக்கத்து வீட்டில் காளியம்மாவின் போன் மணியடித்தது, பேத்தியாகத்தான் இருக்கும். அப்போதுதான் பாயில் ஓர் உயிர் காத்துக்கொண்டிருப்பது நினைவு வந்தது. படுக்கவைத்தவர் சொல்லாமல் போகக்கூடாது அல்லவா?

"போதும்டா" என்றாள்.

கோப்பி எழுந்தது. நாலு எட்டு நடந்து வந்து, அவளைச் சுற்றிக்கொண்டு போய், காலி நாற்காலியின் மேல் தாடையை வைத்துக்கொண்டு நின்றது. இந்த ஒரு தடவை அவள்தான் முதலில் வந்திருந்தாள்.